மழைக்காலத்தில் படகும் வண்டியும் வைக்கத்தக்க இடம்

நிலம் வைத்திருப்போர் விதைக்கும் எருவுக்கும் செலுத்தும் கவனத்தில் நூற்றிலொரு பங்கைக்கூடத் தங்கள் வண்டியும் யந்திரமும் நிற்கும் இடத்தின்மேல் செலுத்துவதில்லை. டிராக்டர் ஒன்றை வாங்குங்கால் பத்துக் கடை ஏறி விலை பேசுகிறவர், அதை நிறுத்துவதற்குக் களத்தின் ஓரத்தில் எந்த மூலை காலியாக இருக்கிறதோ அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார். மேட்டு நிலத்துக் கிராமங்களில் இதனால் துருவும் எலியும்தான் பகை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலோ, இடம் தவறியதனால் முழு யந்திரமும் ஒரே இராத்திரியில் நீருக்குள் போய்விடக்கூடும். அவ்விடங்களில் மழைக்காலத்தில் மனித உயிரைக் காக்கும் சாதனமாகிய படகுக்கும் இதே கேள்வி உண்டு. ஆகையால் இவ்விரண்டையும் சேர்த்தே இங்கு எழுதலாயிற்று.

இப்பகுதியின் நீர்ப்போக்கு

இடம் தெரிந்தெடுப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறதென்று அறிதல் அவசியம். தாம்பரத்தில் இரயில் பாதைக்கு மேற்கே ஒரு விதமாகவும் கிழக்கே வேறு விதமாகவும் வெள்ளம் நடக்கிறது.

மேற்கே அடையாறு. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரி நீரே இந்த ஆற்றின் தலைப்பு. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய இடங்களின் அருகாக வந்து, திருநீர்மலைப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிக் கால்வாயை ஏற்றுக்கொள்கிறது. முடிச்சூர் முழுகினால் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்று சொல்லுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஏரியின் நீர் ஆற்றில் சேருமிடம் முடிச்சூருக்குக் கீழே இருக்கிறது. முடிச்சூருக்கு வரும் வெள்ளம் முக்கியமாக மேலேயுள்ள சிறு ஏரிகளின் கலங்கல்களிலிருந்தும் உடைப்புக்களிலிருந்தும் வருவதாகும். ஆகையால் செம்பரம்பாக்கத்து அறிவிப்பை எதிர்பார்த்து வண்டியை நகர்த்தலாமென்று இருப்பவருக்கு அவகாசம் கிடையாது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் கலங்கலில் நீர் ஏறுகிறதா என்று விசாரிப்பதே அவருக்கு உதவும்.

கிழக்கே நடப்பது வேறு. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஏரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிறைந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்து முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். வழி நெடியது, சரிவு சொற்பம். கடல் ஏற்றத்தில் இருக்கும் வேளையில் நீர் வடிவது இன்னும் தாமதப்படும். எனவே மேற்கே வெள்ளம் வேகமாக வந்து இழுத்துக்கொண்டு போகும். கிழக்கே மெதுவாக ஏறிப் பல நாள் தங்கி நிற்கும். மேற்கே வண்டியையும் படகையும் கட்டி வைப்பதில் கவனம் வேண்டும். கிழக்கே உயரத்தில் வைப்பதுதான் முக்கியம், ஏனெனில் நான்கு நாள் நீரில் கிடந்த யந்திரத்தின் கதி நான்கு மணி நேரம் கிடந்ததன் கதியைவிட மிகவும் மோசமானது.

1-12-2015 முதல் மறுநாட் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் அளவு மழை பெய்தது. அதற்கு முன் நவம்பர் மாத நடுவிலேயே முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் ஒருமுறை முழுகி, படகுகளாலும் விமானப்படை ஹெலிகாப்டர்களாலும் ஜனங்களை மீட்க நேர்ந்திருந்தது. மூன்று வாரத்துக்குள் இரண்டாம் முறை அதே வீடுகளில் நீர் புகுந்தது. பிறகு 2023ஆம் வருஷம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது வரதராஜபுரம், முடிச்சூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி ஆகிய இடங்களில் மீண்டும் படகு ஓடிற்று. எட்டு வருஷத்தில் இரண்டு முறை நடந்ததை அபூர்வமென்று சொல்லி ஒதுக்குவதற்கில்லை.

வெள்ளக் குறியை அளந்தறிதல்

இடத்தைத் தெரிந்தெடுக்கும் வேலையில் முதலாவது செய்ய வேண்டியது, முன் வந்த வெள்ளம் எந்த உயரம் வரை ஏறிற்றென்று தெரிந்துகொள்வது. இதற்குச் சர்வேக்காரரை அழைக்க வேண்டியதில்லை. 2015ஆம் வருஷத்துச் சேற்றுக் கறை இன்னும் பல சுவர்களில் தெரிகிறது. வெள்ளையடித்து மறைந்துபோன இடங்களில், அப்போது அங்கே குடியிருந்தவர் ஜன்னற்கட்டையையோ படிக்கட்டையோ காட்டிச் சொல்லுவார்.

கொத்தனார்கள் உபயோகிக்கும் ட்யூப் லெவல் என்னும் சாதனமே போதுமானது. இருபது மீட்டர் நீளமுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் குமிழியில்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரிலுள்ள கறைக்கு நேராகப் பிடித்து, மறுமுனையில் நீர் நிற்கும் மட்டத்தை ஒரு கம்பத்தில் குறிக்க வேண்டும். அக்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கும் அங்கிருந்து உத்தேசித்திருக்கும் இடத்துக்கும் இவ்வாறே கொண்டுபோகலாம். இரண்டு ஆட்கள் அரை நாளில் முடிக்கக்கூடிய காரியம் இது. கடைசிக் கம்பத்தில் விழும் குறிக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரமே அவ்விடத்தில் அன்றைக்கு நின்ற நீரின் ஆழம். அதற்குமேல் குறைந்தது ஓர் அடி கூட்டிக்கொண்டு மேடை அமைப்பது விவேகம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வெள்ளத்தின் மேற்பரப்பு குளத்து நீரைப்போல் சமமட்டமானதன்று. ஓடும் நீர் சரிந்தே ஓடும். அன்றியும், உயர்த்திப் போடப்பட்ட சாலை, இரயில் கரை, ஏரிக்கரை இவற்றின் ஒரு பக்கத்து மட்டம் மறுபக்கத்துக்குப் பொருந்தாது. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலை போன்ற உயர்ந்த சாலைகள் குறுக்கே அமைந்த இடங்களில், ஒரு பக்கத்து வீட்டில் இடுப்பளவும் எதிர்ப்பக்கத்தில் முழங்காலளவும் நீர் நிற்பது சாத்தியம். ஆகையால் கறை எடுக்கும் சுவரும் மேடை போடும் இடமும் கரையின் ஒரே பக்கத்தில், கூடியமட்டும் அருகருகே இருத்தல் வேண்டும். 2015க்குப் பிறகு அவ்விடத்தில் புதிய சாலையோ மதில்களோ எழும்பியிருந்தால் பழைய கறையை மட்டும் நம்பலாகாது. அங்கே ஓர் அடிக்குப் பதிலாக இரண்டு அடி கூட்டிக்கொள்ளலாம்.

பலர் கைக்கொள்ளும் வழிகள்

2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரிவாசிகள் தங்கள் மோட்டார் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினதைப் பத்திரிகைகளில் யாவரும் பார்த்திருப்பர். சிலர் அதைப் பரிகாசம் செய்தார்கள். உயரத்தைத் தேடிப் போனது புத்திசாலித்தனமான காரியமே. ஆனால் வெள்ளத்தின்போது ஆம்புலன்ஸும் மீட்புப் படையும் போகவேண்டிய வழியை அடைப்பதாகையால் அதைப் பொதுவான ஏற்பாடாகக் கொள்வதற்கில்லை. அன்றியும், கார் போல் டிராக்டரும் டிரெய்லரும் பவர் டில்லரும் ஒரு மணி நேரத்தில் ஐந்து மைல் தூரம் ஓட்டிக்கொண்டு போகத்தக்கவையல்ல. வீட்டு மாடுகளை அவிழ்க்க வேண்டிய அந்த வேளையில் அதற்கு ஆளும் கிடையாது.

மரத்தடி நிழலில் நிறுத்துவது நம் நாட்டுப் பழக்கம். வெயிலுக்கு நல்லதாயினும், மழைக்காலத்தில் ஆபத்தானது. 12-12-2016இல் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது இப்பக்கத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் ஆழமில்லாத தூங்குமூஞ்சியும் மயிற்கொன்றையும் இதில் முதன்மையானவை. வேம்பும் புளியும் எவ்வளவோ மேல். தென்னையின் கீழ் எதையும் வைக்கலாகாது. மரம் நின்றாலும் காய் விழும், பைபர் படகின் பலகையைப் பிளப்பதற்கு ஒரு காய் போதும்.

கீற்றுக் கொட்டகை மலிவானது, குளிர்ச்சியானது. ஆனால் பெட்ரோலும் டீசலும் வைக்குமிடத்தில் அது கூடாது. எலிக்கும் அது வாசஸ்தலம். தகரக் கூரை போடுகிறவர்கள் காற்றை நினைக்க வேண்டும். தகடுகளை வெறும் ஆணியால் அடிக்காமல், கொக்கிபோல் வளைந்த போல்ட்டுகளால் அகன்ற வாஷர் வைத்துக் கட்டைகளோடு பிணைத்தல் வேண்டும். காற்று வரும் திசையில் பக்கச் சுவரும் எதிர்ப்பக்கத்தில் திறப்பும் இருந்தால் கூரை எழும்பிப் போவது குறையும்.

வாடகைக்கு இடம் பிடித்தலும் வாடகைக்கு இடம் விடுதலும் இப்போது இப்பகுதியில் பெருகிவருகின்றன. சினிமாக்காரர்களின் கேரவன் வண்டிகள், உல்லாசப் பிரயாணத்துக்குரிய வான்கள், கடற்கரைப் பக்கத்துப் படகுகள் ஆகியவற்றுக்குக் காலியிடம் கேட்டு நிலக்காரரிடம் வருகிறார்கள். பயிரில்லாத மேட்டுப் புன்செய் உள்ளவர் இதில் சிறிது வருமானம் காணலாம். ஆயினும் ஏரி உள்வாய், வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் இவற்றில் ஒரு சக்கரமும் நிற்க விடலாகாது. 2007ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே ஏற்பட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் நிலத்தின் உபயோகத்தை மாற்றுவதானால் முன்னனுமதி வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பத்திரப்பதிவு செய்யப்பட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள், கேட்பவருக்கு நில வரைபடத்தைக் காட்டி, அவ்விடம் பழைய வாய்க்காலின் தடத்தில் இருக்கிறதா என்று சொல்லுவது பெரிய உபகாரமாகும். வெள்ளத்துக்குச் சர்வே நம்பர் தெரியாது. பழைய தடத்தையே அது தேடிவரும்.

மண் மேடை

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட, சொந்த நிலத்திலேயே ஒரு மண் மேடை போட்டுக்கொள்வது சிலாக்கியமென்பது இதை எழுதுவோரின் அபிப்பிராயம். கொட்டகை பின்னால் வரலாம், மேடை முன்னால் வரவேண்டும். நல்ல கொட்டகையைப் பள்ளத்தில் கட்டி, அதற்குள் யந்திரத்தை முழுக விடுவதில் யாதொரு பிரயோஜனமுமில்லை.

டிராக்டர் ஒன்று, அதன் பின்னால் டிரெய்லர் ஒன்று, பக்கத்தில் 15 அடிப் படகு ஒன்று ஆகியவை நிற்பதற்கு மேடையின் மேற்பரப்பு 26 அடி நீளமும் 16 அடி அகலமும் இருந்தால் போதும். உயரம் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். பக்கங்களை நேராக நிறுத்தினால் மழையில் கரைந்துவிடும். ஆகவே ஓர் அடி உயரத்துக்கு ஒன்றரை அடி வீதம் சரித்து விடவேண்டும். அப்போது அடிப்பரப்பு 35 அடிக்கு 25 அடியாகும். இதற்கு வேண்டிய மண் சுமார் 1,900 கன அடி. ஏறுவதற்குச் சரிவுப் பாதை ஒன்று 10 அடி அகலத்தில், எட்டடிக்கு ஓர் அடி ஏற்றமாக 24 அடி நீளத்துக்கு வேண்டும். அதற்கு இன்னும் சுமார் 400 கன அடி. ஆக மொத்தம் 2,300 கன அடி, அதாவது நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் 23 யூனிட். கொட்டின மண் இறுகும்போது குறையுமாதலால் 28 அல்லது 29 யூனிட் மண்ணுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மண் கிராவல் கலந்ததாயிருத்தல் நலம். ஏரி வண்டல் இதற்கு உதவாது. நனைந்தால் குழையும், காய்ந்தால் வெடிக்கும். தாசில்தாரின் அனுமதி பெற்று ஏரியிலிருந்து எடுக்கும் வண்டல் வயலுக்கென்று கொடுக்கப்படுவது. அதை மேடைக்கு உபயோகிப்பது அனுமதிக்கும் மாறு, வண்டலுக்கும் வீண். கிராவலை அரை அடி கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, டிராக்டரையே மேலும் கீழும் ஓட்டி இறுக்கி, பிறகு அடுத்த பரப்பைப் போடவேண்டும். கோடையில் போட்டு முடித்தால் மழைக்கு முன் நன்றாக அமரும். பக்கச் சரிவுகளில் அருகம்புல்லை நட்டு விடலாம். வெள்ளம் இழுக்கும் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில், நீர் வந்து மோதும் முகத்தில் கருங்கல் பதிப்பது அவசியம்.

மேடையை வாய்க்காலின் மேலோ, மழைநீர் வழக்கமாகப் போகும் தாழ்விலோ போட்டு அயலாரின் நிலத்தில் நீரைத் திருப்பிவிடக்கூடாது. இதனால் வரும் வழக்குகள் மேடையின் செலவை மிஞ்சும். மேலும் ஒரு வார்த்தை: மாடுகள் உள்ளவர், மேடையில் முதலிடத்தை அவற்றுக்குக் கொடுத்துவிட்டே யந்திரத்தைப் பற்றி நினைக்கவேண்டும். வெள்ளம் வரும்போது பாம்பும் தேளும் மேட்டைத் தேடி ஏறுமாதலால், விளக்கில்லாமல் அங்கே கால் வைக்கலாகாது.

டிராக்டரையும் டிரெய்லரையும் நிறுத்தும் விதம்

சம்பா நடவு முடிந்து நீண்ட நாள் வேலையில்லாமல் நிற்கப்போகும் டிராக்டரை, சேறும் வைக்கோலும் போகக் கழுவிக் காயவிட்ட பிறகே உள்ளே விடவேண்டும். டீசல் டாங்கியை நிரப்பி வைத்தால் உட்புறத்தில் ஈரம் வேர்த்து எண்ணெயில் நீர் சேர்வது குறையும். பாட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, பாட்டரியை வீட்டுக்குள் உயரமான பலகையில் வைத்து மாதமொருமுறை சார்ஜ் ஏற்றுதல் நலம். புகைக் குழாயின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்க்கவேண்டும். கிளச்சு ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பெடலை அழுத்திய நிலையில் ஒரு கட்டையால் நிறுத்தி வைப்பதுண்டு. பிளாஸ்டிக் தாளால் முழுவதும் சுற்றிக் கட்டுவது தப்பு. உள்ளே வேர்த்து வெளியிலிருப்பதைக் காட்டிலும் அதிகம் துருப்பிடிக்கும். மேலே தார்ப்பாய், பக்கங்களில் காற்று, இதுவே முறை. இரசாயன உரமூட்டைகளை அதே கொட்டகையில் வைக்கவே கூடாது. அவற்றின் ஈரம் இரும்பைத் தின்றுவிடும்.

வெள்ளம் எட்டக்கூடுமென்று தோன்றினால், காற்று புகும் குழாயையும் புகைக் குழாயையும் பிளாஸ்டிக்கால் இறுகக் கட்டி, டிரெய்லரைக் கழற்றித் தனியே சங்கிலியால் பிணைக்கவேண்டும். காலி டீசல் பீப்பாய்களும் மருந்து டப்பாக்களும் மிதந்துபோய் அடுத்தவர் கிணற்றில் சேரக்கூடியவை. ஒரு சிறிய மோட்டார் காரை மிதக்கச் செய்வதற்கு ஓரடி ஆழ ஓட்டமே போதுமானது, இரண்டடியில் பெரிய வண்டிகளும் நகரும். ஓடும் நீரில் வண்டியைச் செலுத்திப் பிழைக்கப் பார்ப்பவர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

நீரில் முழுகின என்ஜினை, நீர் வடிந்தவுடன் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆவலைப்போல் நஷ்டம் தருவது வேறில்லை. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் எண்ணெயை வடித்து, இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுழற்றி நீரை வெளியேற்றிய பிறகே மற்றவை. மூன்றாமவர் நஷ்டத்துக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழு இன்ஷூரன்ஸ் உள்ளவருக்கும், நீரோடு ஸ்டார்ட் செய்து கெடுத்த என்ஜினுக்குச் சாதாரணமாகப் பணம் மறுக்கப்படும். ஆகவே வண்டியை நகர்த்துவதற்கு முன் நீர்க்குறி தெரியப் படம் எடுத்து வைக்கவேண்டும்.

படகு

இப்பகுதிக் குடியானவர்களுக்குப் படகு அந்நியமான பொருளன்று. 1876 முதல் 1878 வரையிலான பஞ்சகாலத்தில் விஸ்தரிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய் வழியாக உப்பும் விறகும் நெடுங்காலம் படகிலேயே வந்துகொண்டிருந்தன. இன்று கோவளத்துச் செம்படவர்களிடமும், முட்டுக்காட்டில் 1984 முதல் நடந்துவரும் சுற்றுலாப் படகுத் துறையிலும்தான் படகு வைக்கும் பழக்கம் மிஞ்சியிருக்கிறது. கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே காயவிடும் வழக்கம், நீரில் நனைவதைக் காட்டிலும் ஈரத்தோடு கிடப்பதே மரத்துக்குக் கேடு என்பதை அறிந்ததன் பயன்.

மரப்படகு நேர் வெயிலில் கிடந்தால் பலகைகள் சுருங்கிப் பொருத்துக்கள் விரியும். அடுத்த முறை இறக்கும்போது நீர் கசியும். அதை நிழலில், தரையில் படாமல் கட்டைகளின்மேல் வைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி வைப்பர். பைபர் படகுக்குக் கறையான் பயமில்லை. ஆனால் வெயிலில் அதன் மேற்பூச்சு மாவாய் உதிரும். அடிப்பாகம் முழுவதும் தாங்கும்படி ஏரா எனப்படும் அடிக்கட்டையின்கீழ் மூன்று இடங்களிலாவது கட்டை கொடுக்கவேண்டும். இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடு வளையும். நிமிர்த்தி வைப்பதானால் முன்பக்கமாகிய அணியத்தை அரை அடி உயர்த்தி, பின்புறத்து அடியில் நீர் வடியும் துளையின் அடைப்பைக் கழற்றிவிட வேண்டும். மழைநீர் நிரம்பின படகு தன் பாரத்தாலேயே பிளக்கும், கொசுவும் பெருகும். கழற்றின அடைப்பைப் படகிலேயே நூலால் கட்டி வைக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். அவசரத்தில் முதலில் காணாமற்போவது அதுவே.

காற்றடைக்கும் ரப்பர் படகை உப்பும் சேறும் போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவித் தளர்வாக மடித்து, பரணில் வைக்கவேண்டும். எலி இதற்கு முதற் சத்துரு. ஒரே பல்தடத்தில் படகு பயனற்றுப்போகும்.

அவுட்போர்டு என்ஜினை உபயோகித்தபின் நல்ல நீரில் சிறிது நேரம் ஓட்டிக் கழுவி, கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு, நிமிர்ந்த நிலையில் ஸ்டாண்டில் மாட்டவேண்டும். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆறு மாதம் டப்பாவில் கிடந்ததை நம்பி வெள்ளத்தில் இறங்கலாகாது. மழைக்காலம் தொடங்கும்போது புதிய பெட்ரோல் வாங்கி, பழையதை வேறு உபயோகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

கொட்டகைக்குள் இருக்கும் படகை வெள்ளத்துக்காகக் கட்டும்போது கயிற்றைக் குறுகலாகக் கட்டலாகாது. நீர் ஏற ஏறப் படகும் ஏறவேண்டும். குறுகலான கயிறு அணியத்தைக் கீழே இழுத்து முழுக்கிவிடும். கூரை தாழ்வாக இருந்தால் படகு மிதந்து அதை முட்டும். ஆகையால் வெள்ளம் வரும் கிராமத்தில் படகுக் கொட்டகைக்கு மூன்று பக்கச் சுவர் கூடாது. தூண்களும் கூரையும் போதும்.

கிராமப் பொதுப் படகு

மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே. 2015இல் செம்படவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து ஜனங்களை மீட்டார்கள். 2018இல் கேரளத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட படகுகளோடு வந்த செம்படவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாக அந்த அரசாங்கத்தார் கணக்கிட்டார்கள். அவர்களுடைய உதவி என்றும் மறக்கத்தக்கதன்று. ஆனால் கோவளத்திலிருந்து முடிச்சூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். லாரி கிடைத்து, ஏற்றி, முழுகின சாலைகளைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் கடந்துபோகும் நேரமே உயிர்ச்சேதம் நேரும் நேரம். அன்றியும், கடலுக்கேற்ற நீண்ட படகு குறுகலான தெருக்களில் திரும்பாது. நீருக்குள் மறைந்திருக்கும் மதில்களிலும் கார்களிலும் என்ஜினின் விசிறி மோதும். தெருவுக்கு ஏற்றது, அடி தட்டையான, 12 முதல் 15 அடி வரை நீளமுள்ள சிறு படகு. கழியும் துடுப்பும் கட்டாயம், என்ஜின் இருந்தால் நலம்.

பஞ்சாயத்தார் இவ்வகைப் படகு ஒன்றை வாங்கினால், அதை எங்கே வைப்பது என்பது வாங்குவதைக் காட்டிலும் முக்கியமான கேள்வி. தாலூகா அலுவலகத்தின் பின்புறத்தில் பூட்டி வைத்தால் கணக்குக்கு ஒழுங்காயிருக்கும். ஆனால் தாம்பரத்தில் இரயில் பாதைக்கு ஒரு பக்கத்தில் படகும், மறுபக்கத்தில் வெள்ளமும், நடுவே நீர் நிரம்பின சுரங்கப்பாதையுமாக இருந்தால் அப்படகு இல்லாததற்குச் சமம். வைக்குமிடம் வெள்ளம் வரும் தெருக்களுக்கு இப்பக்கத்தில், நீர் ஏறாத மேட்டில், அங்கிருந்து ஆறு பேர் கையால் தூக்கியே நீரில் இறக்கக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தின் மேட்டுத் திண்ணையோ கோயிலின் வெளிமண்டபமோ பல கிராமங்களில் இதற்குப் பொருந்தும். டிரெய்லரோடு வைத்தால், அதன் டயர்களில் காற்றிருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று, பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒன்று, படகருகே குடியிருப்பவரிடம் ஒன்று என மூன்று சாவிகள் இருத்தல் வேண்டும். மிதவை ஜாக்கெட்டுகளைப் படகிலேயே வைத்தால் எலியும் பூஞ்சையும் கெடுக்கும். பக்கத்து அறையில் கொடியில் தொங்கவிட்டு, வருஷத்துக்கொருமுறை நீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கவேண்டும். கயிறு 100 அடிக்குக் குறையாமல் இரண்டு, துடுப்பு நான்கு, கழி இரண்டு, டார்ச்சு விளக்கு ஆகியவை ஒரே பெட்டியில் இருந்தால் இராத்திரியில் தேடவேண்டியதில்லை. படகிலேயே கொள்ளக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுவது, பயந்த ஜனங்கள் மேலும் மேலும் ஏறுவதைத் தடுக்க உதவும்.

செப்டம்பர் மாதக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், படகை ஒருமுறை அருகிலுள்ள ஏரியில் இறக்கிப் பார்ப்பதற்கு ஒரு நாளைக் குறித்து, அதில் யார் யார் துடுப்புப் போட்டார்கள், எவ்வளவு நிமிஷத்தில் நீரை அடைந்தது, என்ன குறை கண்டது என்பவற்றைப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். தூக்குகிறவர்களில் பாதிப் பேராவது அன்றைக்கு ஊரில் தங்கும் வயதினராயும், இராத்திரி வேலைக்குச் சென்னைக்குப் போகாதவர்களாயும் இருக்கப் பார்த்துக்கொள்வது நலம்.